கர்ப்பமா இருக்கறப்ப ஃப்ளூ வந்தா: அந்த முதல் 48 மணி நேரம்

(இந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேசினபடியே விட்டிருக்கோம், திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் வெட்டியிருக்கோம்.)

போன நவம்பர்ல மூணு வாரம் எபிசோடே வரலையேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஆபீஸ்ல ரிலீஸ் வேலைன்னு சொல்லி மழுப்பிட்டேன். உண்மையான காரணம் வேற. அப்ப நான் 29 வாரக் கர்ப்பிணி. ஃப்ளூ வந்து, ரெண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில மூக்குல ஆக்சிஜன் குழாயோட படுத்திருந்தேன்.

என் பொண்ணுக்கு இப்ப எட்டு மாசம். நல்லா இருக்கா. பக்கத்து ரூம்ல அவ கத்தறது உங்களுக்கும் கேக்கலாம், எடிட்ல எவ்வளவு போகும்னு தெரியல. அவ நல்லா இருக்கறதாலதான் இதைப் பத்தி இப்ப நிதானமா பேச முடியுது.

போன வாரம் எங்க டீம்ல ஒரு பொண்ணு, அஞ்சு மாசம், என்கிட்ட வந்து, "அக்கா, டாக்டர் ஃப்ளூ ஊசி போட்டுக்கச் சொல்றாங்க, வீட்ல எல்லாரும் வேணாங்கறாங்க, என்ன பண்றது?"ன்னு கேட்டா. அவளுக்குச் சொன்னதுதான் இந்த எபிசோட். நான் டாக்டர் இல்ல, கோட் எழுதற ஆள். மருந்து, டோஸ் எல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான். ஆனா எப்பக் கேக்கணும், எவ்வளவு சீக்கிரம் கேக்கணும், அதை நான் சொல்லலாம். ஏன்னா அதுலதான் நான் தப்பு பண்ணேன்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி வலி. ராத்திரி காய்ச்சல் 101. அம்மாவுக்கு ஃபோன் பண்ணேன். "கண்ணு, மாத்திரை கீத்திரை எதுவும் போட்டுடாத, உள்ள இருக்கற புள்ளைக்கு ஆகாது. சுக்குக் கஷாயம் வச்சுக் குடி, மூணு நாள்ல சரியாயிடும்"னு சொன்னாங்க. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. கர்ப்பம்னு தெரிஞ்ச நாள்ல இருந்து ஒரு மாத்திரைன்னாலே எனக்குப் பயம். புதன்கிழமை 102. அதோட லாகின் பண்ணி வேலை பார்த்தேன், அந்த வாரம் ரிலீஸ் இருந்துது. வியாழக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டு மாடிப்படி ஒரு மாடி ஏறினதுக்கு, மேல வந்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். மூச்சு பத்தல.

ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, ரெண்டு நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" பதில் சொல்லத் தெரியாம என் வீட்டுக்காரர் மூஞ்சியப் பார்த்தேன். அவர் என் மூஞ்சியப் பார்த்தார்.

அந்த ரெண்டு நாள் ஏன் முக்கியம்?

கர்ப்பத்துல எதிர்ப்பு சக்தி குறைஞ்சுடும்னு பொதுவா சொல்லுவாங்க. அது பாதிதான் உண்மை. குறையுதுங்கறதைவிட மாறுதுன்னு சொல்றது சரி. உள்ள வளர்ற குழந்தையில பாதி அப்பாவோட மரபணு. அதை உடம்பு வெளியாள்னு நினைச்சுத் தாக்கிடக் கூடாது. அதுக்காக எதிர்ப்பு அமைப்பு தன்னை வேற மாதிரி அமைச்சுக்குது. அந்த மாற்றத்துல சில வைரஸ்களுக்கு, முக்கியமா ஃப்ளூவுக்கு, வழி கொஞ்சம் லேசாயிடுது.

எனக்கு இதைவிடப் புரிஞ்சது நுரையீரல் கணக்கு. வயிறு பெருசாகப் பெருசாக, கருப்பை உதரவிதானத்தைக் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் வரைக்கும் மேல தள்ளுது. மூச்சை வெளிய விட்ட பிறகும் நுரையீரல்ல கொஞ்சம் காத்து கையிருப்பா இருக்கும் இல்லையா, அந்தக் கையிருப்பு கடைசி மாசங்கள்ல ஏறத்தாழ 20 சதவீதம் குறைஞ்சுடுது. ஆனா ஆக்சிஜன் தேவை அதே அளவுக்குக் கூடுது. இதயம் 30-ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் கூடுதலா ரத்தத்தை இறைக்குது. எங்க பாஷையில சொன்னா, ஏற்கனவே லோட் ஏறி, பேக்கப்பும் குறைஞ்சு ஓடிட்டு இருக்கற சர்வர் அது. சாதாரண நாள்ல ஒண்ணும் தெரியாது. ஃப்ளூ நுரையீரலுக்குள்ள இறங்கினா அங்க தாங்கறதுக்கு இடமில்ல.

2009-ல பன்றிக்காய்ச்சல்னு சொன்ன எச்1என்1 வந்தப்ப அமெரிக்காவுல இது எண்ணிக்கையாவே தெரிஞ்சுது. மக்கள்தொகையில கர்ப்பிணிகள் ஏறத்தாழ 1 சதவீதம். அந்த ஃப்ளூவுல இறந்தவங்கள்ல அவங்க சுமார் 5 சதவீதம். 2012-ல உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ தடுப்பூசிக்குக் கர்ப்பிணிகளை முன்னுரிமை வரிசையில முதல்ல வச்சுது.

இப்ப மருந்துக்கு வருவோம். ஃப்ளூவுக்குத் தர்ற மருந்து ஓசல்டாமிவிர். அது வேலை செய்யற விதத்தைப் படிச்சப்பதான் அந்த டாக்டரம்மா கேட்ட கேள்வியோட அர்த்தம் எனக்குப் புரிஞ்சுது. ஃப்ளூ வைரஸ் நம்ம செல்லுக்குள்ள பூந்து தன்னையே காப்பி எடுத்துக்கும். புதுசா உருவான வைரஸ் எல்லாம் வெளிய வர்றப்ப செல்லோட மேற்பரப்புலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். அந்த ஒட்டை வெட்டி விடறதுக்கு வைரஸ்கிட்ட நியூராமினிடேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. எச்1என்1-ங்கற பேர்ல வர்ற 'என்' இதுதான். ஓசல்டாமிவிர் இந்தக் கத்தரிக்கோலை மழுங்கடிச்சுடும். உருவான வைரஸால அடுத்த செல்லுக்குப் போக முடியாது.

அப்ப யோசிச்சுப் பாருங்க. இந்த மருந்து ஏற்கனவே பரவினதைத் திருப்பி எடுக்காது, இனிமே பரவறதைத்தான் தடுக்கும். அதனாலதான் அறிகுறி ஆரம்பிச்சு 48 மணி நேரத்துக்குள்ள தொடங்கினா பலன் அதிகம். நான் அந்த 48 மணி நேரத்தையும் சுக்குக் கஷாயத்துல கழிச்சுட்டேன். நல்லவேளை, கர்ப்பிணிகளுக்கு 48 மணி நேரம் தாண்டியும் கொடுப்பாங்க, அப்பவும் பலன் இருக்கலாம். எனக்கு டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே முதல் மாத்திரையைக் கொடுத்துட்டாங்க. மறுநாள்தான் ஃப்ளூ ஏ-ன்னு ரிசல்ட் வந்துது. கர்ப்பிணிகளுக்கு இதை நிறைய கொடுத்துப் பார்த்திருக்காங்க, குழந்தைக்குக் கெடுதல்னு தெரியவரல. ஆனா டாக்டர் சீட்டு இல்லாம வாங்கற மருந்து இல்ல இது.

காய்ச்சல் மாத்திரை விஷயத்துலயும் நான் தலைகீழாத்தான் நினைச்சிருந்தேன். மாத்திரை குழந்தைக்கு ஆகாதுன்னு பயந்தேன், ஆனா 102 டிகிரி காய்ச்சல் குழந்தைக்கு ஆகுமான்னு யோசிக்கவே இல்ல. ஆரம்ப வாரங்கள்ல அம்மாவுக்கு வர்ற கடுமையான காய்ச்சலுக்கும், குழந்தையோட மூளை, தண்டுவடம் உருவாகறதுல வர்ற குறைகளுக்கும் தொடர்பு இருக்குன்னு ஆய்வுகள் சொல்லுது. அதனால காய்ச்சலை இறக்கியே ஆகணும். அதுக்கு டாக்டர்கள் பொதுவா தர்றது பாராசிட்டமால். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளை நீங்களா தொடாதீங்க. 20 வாரத்துக்கு மேல அது குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிச்சு பனிக்குட நீரைக் குறைக்கலாம்னு 2020-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிச்சிருக்கு. மெடிக்கல் ஷாப்ல "சளிக்கு ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டா தர்ற மாத்திரையில மூணு நாலு மருந்து கலந்திருக்கும். கடைக்காரருக்கு நீங்க கர்ப்பம்னு தெரியாது, வாங்கப் போறது பெரும்பாலும் வீட்டுக்காரர்தானே.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் இருக்கு. இணையத்துல படிச்சா ஃப்ளூன்னா பனிக்காலம், டிசம்பர், ஜனவரின்னு போட்டிருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. காஷ்மீருக்கு அது பொருந்தும். டெல்லி பக்கம் தென்மேற்குப் பருவமழையோட ஏறும். சென்னையில வடகிழக்குப் பருவமழை, அதாவது அக்டோபர், நவம்பர். அதே மாசங்கள்லதான் நமக்கு டெங்குவும். ரெண்டுமே காய்ச்சல், உடம்பு வலி, தலைவலின்னுதான் ஆரம்பிக்கும். வீட்ல உக்காந்து இது ஃப்ளூவா டெங்குவான்னு யாராலயும் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். ஐபுப்ரோஃபென் டெங்குல ரத்தக்கசிவு ஆபத்தை வேற கூட்டும். மழைக்காலக் காய்ச்சலுக்குக் கர்ப்பிணி முதல் நாளே டாக்டரைப் பார்க்கணும்கறதுக்கு இது ரெண்டாவது காரணம்.

ஊசி கதை

இதுலயும் தப்பு என் மேலதான். அஞ்சாம் மாசச் செக்கப்லயே டாக்டர் சொன்னாங்க. "அடுத்த தடவை போட்டுக்கறேன்"னு தள்ளிப் போட்டேன். அடுத்த தடவையும் அதையே சொன்னேன்.

ஊசியால ஃப்ளூ வரும்னு ஒரு பேச்சு இருக்கு. கர்ப்பிணிகளுக்குப் போடற ஊசியில இருக்கறது செயலிழக்க வச்ச வைரஸ், அதால நோயை உண்டாக்க முடியாது. கை வலி, ஒரு நாள் லேசான காய்ச்சல் வரலாம். மூக்குல அடிக்கற ஸ்ப்ரே வகை ஒண்ணு இருக்கு, அதுல இருக்கறது பலவீனமாக்கின உயிருள்ள வைரஸ். அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க மாட்டாங்க. இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிட்டுதான் பாதி ஃபார்வர்ட் மெசேஜ் சுத்துது.

எந்த மாசத்துலயும் போடலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இங்க சில டாக்டர்கள் ஆறாம் மாசத்துக்கு மேல போட விரும்புவாங்க. ஆனா சீசன் தொடங்கிட்டா காத்திருக்கணுமான்னு கேட்டுடுங்க, ஏன்னா போட்ட பிறகு பாதுகாப்பு உருவாக ரெண்டு வாரம் ஆகும். வைரஸ் வருஷா வருஷம் மாறறதால ஊசியும் மாறும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரியிலயும் செப்டம்பர்லயும், உலக சுகாதார நிறுவனம் புதுப் பட்டியல் வெளியிடும். போன வருஷம் போட்டது பழைய வெர்ஷன்.

நூறு சதவீதம் தடுக்குமா? இல்ல. 2010-ல இருந்து 2016 வரைக்கும் பல நாட்டுக் கர்ப்பிணிகளை வச்சுப் பார்த்த ஆய்வுல, ஃப்ளூவால ஆஸ்பத்திரியில சேர்ற அபாயம் சராசரியா 40 சதவீதம் குறைஞ்சுது. 40 தானான்னு தோணலாம். ஆக்சிஜன் குழாயோட படுத்திருந்தவ சொல்றேன், அந்த 40-ஐ நான் வாங்கிப்பேன்.

ஆனா என்னை உண்மையிலேயே அசைச்சது அது இல்ல. ஆறு மாசத்துக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு ஃப்ளூ ஊசியே கிடையாது. அந்த ஆறு மாசம் அதுக்கு இருக்கறது அம்மாகிட்ட இருந்து நஞ்சுக்கொடி வழியா வந்த எதிர்ப்புப் புரதம்தான். பங்களாதேஷ்ல 340 அம்மாக்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, முடிவு 2008-ல வந்துது. கர்ப்பத்துல ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டவங்களோட குழந்தைகளுக்கு, பிறந்து ஆறு மாசத்துக்குள்ள பரிசோதனையில உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைவா இருந்துது. அந்த அம்மாக்கள் பெரும்பாலும் நம்மள மாதிரி வெயில், மழை, நெரிசல்ல வாழற பொம்பளைங்கங்கறதால எனக்கு அது ரொம்பப் பக்கத்துல பட்டுது.

அரசு தடுப்பூசித் திட்டத்துல கர்ப்பிணிகளுக்குப் போடற டிடி ஊசி வேற, இது வேற. தேசியத் தடுப்பூசி அட்டவணையில ஃப்ளூ இல்ல, அதனால பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போடணும். ரெண்டையும் ஒரே நாள்ல போட்டுக்கலாம். வீட்ல இருக்கற மத்தவங்களும் போட்டுக்கிட்டா நல்லது, முக்கியமா ஆபீஸ் போய் வர்ற வீட்டுக்காரர்.

கை வைத்தியம்

இதைச் சொல்லலன்னா அம்மா கோவிச்சுப்பாங்க. மிளகு ரசம், சூடான கஞ்சி, மஞ்சள் பால் எல்லாம் சாப்பாட்டு அளவுல தாராளமா எடுத்துக்கலாம். தொண்டைக்கு இதமா இருக்கும், தண்ணிச்சத்தும் போகும். வைரஸைக் கொல்லாது, அவ்வளவுதான். நிலவேம்புக் குடிநீர் மட்டும் டாக்டர்கிட்ட கேக்காம வேணாம், கர்ப்பத்துல அதைத் தவிர்க்கச் சொல்றவங்கதான் அதிகம். ஆவி பிடிக்கறப்ப குனிஞ்சு உக்காரவே முடியாத வயித்தோட கொதிக்கற குண்டானை வச்சுக்கிட்டு விளையாடாதீங்க. மின்சார ரயில், ஏசி மீட்டிங் ரூம் ரெண்டுலயும் மாஸ்க் போடுங்க. யாராவது பார்த்துச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

எப்ப டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் கூடக் காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? மூச்சு வாங்கறது, நெஞ்சு வலி, பாராசிட்டமால் போட்டும் இறங்காத காய்ச்சல், குழப்பமான பேச்சு, வலிப்பு, சிறுநீரே போகாம இருக்கறது, குழந்தையோட அசைவு குறையறது. காய்ச்சல் விட்டு நல்லாயிட்டோம்னு நினைச்ச பிறகு இருமலோட திரும்ப ஏறினாலும் அப்படித்தான், அது நிமோனியாவா இருக்கலாம். வீட்ல ஆக்சிமீட்டர் இருந்தா, கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழ போகக் கூடாது. எனக்கு அன்னிக்கு 92. ஆம்புலன்ஸுக்கு 108, சந்தேகம் கேக்க 104.

குழந்தை பிறந்த பிறகு ஃப்ளூ வந்தா பால் கொடுக்கலாமான்னு ஒரு நேயர் முன்னாடியே கேட்டிருந்தாங்க. கொடுக்கலாம், நிறுத்தவே வேணாம். கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு கொடுங்க. ரொம்ப முடியலன்னா பாலைப் பீச்சி வேற யாரையாவது கொடுக்கச் சொல்லுங்க.

என் பொண்ணுக்கு ஆறு மாசம் முடிஞ்சதும் முதல் டோஸ் போட்டாச்சு, நாலு வாரம் கழிச்சு ரெண்டாவதும் ஆச்சு. அம்மாவும் போன மாசம் ஊருல இருந்து வந்தப்ப எங்ககூட வந்து போட்டுக்கிட்டாங்க. கை வலிக்குதுன்னு ரெண்டு நாள் புலம்பினாங்க, அதுக்கும் சுக்குக் கஷாயம்தான் வச்சுக் குடிச்சாங்க.

அவ்வளவுதான் மக்களே, அவ முழிச்சுட்டா. அடுத்த வாரம் பார்க்கலாம்.