கத்தி தீட்டும் கோணக் கருவியின் மூட்டுப் பாதுகாப்பு

கத்தி தீட்டும் கோணக் கருவி என்பது, தண்டில் பொருத்திய சாணைக்கல்லை ஒரு மூட்டின் வழியே முன்னும் பின்னும் நகர்த்தி, கத்தியின் விளிம்பை ஒரே கோணத்தில் தீட்ட உதவும் சாதனம் ஆகும். இதில் கோணத்தைக் காப்பது கையன்று, மூட்டே. மூட்டிலிருந்து விளிம்பு 200 மி.மீ. தொலைவில் இருந்தால், தேய்ந்த மூட்டு 1 மி.மீ. மேலும் கீழும் ஆடினாலே கோணம் ஏறத்தாழ 0.3 பாகை மாறும்.

தேய்மானத்துக்கு முதற்காரணம் தீட்டும்போது உதிரும் தூள். இதில் இரும்புத் துகள்களுடன், எஃகைவிடக் கடினமான அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்கான் கார்பைடு துகள்களும் கலந்திருக்கும். மூட்டில் தாராளமாக எண்ணெய் விட்டால் அது இத்தூளைப் பிடித்துவைத்து அரைக்கும் பசையாக மாறிவிடும். ஆகவே துணியால் துடைத்தபின் உலர் மசகு இடுவதே மேல்.

கூடங்குளம், இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. உப்பு ஈரத்தை ஈர்ப்பதால் தண்டு துருப்பிடிக்கும். துருவின் சொரசொரப்பு மூட்டின் உட்புறத்தைத் தேய்க்கும். பிற இடங்களில் பயன்படும் கிராபைட்டு மசகு இங்கு ஏற்றதன்று. உப்பீரத்தில் அது உலோக அரிமானத்தைத் தூண்டும். டெஃப்லான் வகை மசகு பொருந்தும். மீன் கத்தியைத் தீட்டியபின் நன்னீரில் நனைத்த துணியால் கருவியைத் துடைத்து உலர்த்த வேண்டும். எடுத்துவைக்கும்போது தண்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடலாம். மறுமுறை தீட்டுமுன் அதைத் துடைத்துவிட வேண்டும்.