சுரைக் கொழுந்து வாடுவதற்குள்

கோடை தொடங்கிவிட்டால் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரச் சந்தைகளில் பச்சைக் கொழுந்துகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். நுனிக் கொடி, இளம் இலை, சுருண்ட பற்றுக்கம்பி, நடுவே ஓரிரு மொட்டு. ஊர்க்காரர்கள் அதைத் தெனெருமி என்கிறார்கள். நம் ஊரில் கூரை மேல் படரும் சுரைக்கொடியின் நுனிதான் அது. தக்காளியும் பூண்டும் சேர்த்து வேகவைத்து, ஸ்பகெட்டியை ஒடித்துப் போட்டால் சிசிலி வீடுகளில் அன்றைய சாப்பாடு முடிந்தது. இதில் ஒரே ஒரு சிக்கல். பறித்த சில மணி நேரத்தில் கொழுந்து துவண்டுவிடும். துவண்ட கட்டை யாரும் கையில் எடுப்பதில்லை.

இயற்கை முறையில் காய்கறி பயிரிடுவதில் என்ன கஷ்டம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பூச்சியைத்தான் சொல்வார்கள். பூச்சி பெரிய தொல்லைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரரை உட்கார வைப்பவை பெரும்பாலும் வரப்புக்கு வெளியேதான் இருக்கின்றன. நிலம் நகரத்தை விட்டுத் தள்ளிப்போகிறது, தண்ணீர் முறை தவறுகிறது, சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது, வாடுவதற்குள் விற்றாக வேண்டியிருக்கிறது. பலெர்மோவின் கடலோரப் பழம்பேட்டையான கால்சாவின் கதையைப் பார்த்தால் இவை எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன என்பது தெரியும்.

கால்சா 937-இல் ஃபாத்திமிய ஆட்சியாளர்கள் எழுப்பிய கோட்டை நகரம். 973-இல் அங்கு வந்த பயணி இப்னு ஹவ்கல், மதில் சூழ்ந்த அந்த அரசு நகரத்தையும், பலெர்மோவைச் சுற்றியிருந்த ஊற்றுகளையும் ஆலைகளையும் தோட்டங்களையும் எழுதி வைத்திருக்கிறார். கத்தரியும் கீரையும் எலுமிச்சை வகைகளும் சிசிலி மண்ணில் வேரூன்றியது அந்த அரபு ஆட்சிக் காலத்தில்தான். நிலத்தடிச் சுரங்கக் கால்வாய், திறந்த கல்தொட்டி, அதிலிருந்து பாத்திக்குப் பிரியும் வாய்க்கால் என்று அப்போது வந்த பாசன முறை பல நூற்றாண்டுகள் நகருக்குச் சோறு போட்டது. மலைகளுக்கும் கடலுக்கும் இடையே கிடந்த அந்தத் தோட்டச் சமவெளிக்கு ‘பொற்கிண்ணம்’ என்று பொருள்படும் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தக் கிண்ணத்தில் 1950-களிலிருந்து கான்கிரீட் கொட்டப்பட்டது. இத்தாலியர்கள் இதைப் ‘பலெர்மோவின் சூறை’ என்றே சொல்கிறார்கள். சால்வோ லீமா மேயராகவும் வீத்தோ சான்சிமினோ பொதுப்பணிப் பொறுப்பிலும் இருந்த ஆண்டுகளில் கட்டட அனுமதிகள் ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி கட்டுமானத்தோடு தொடர்பே இல்லாத ஒரு சில ஆட்களின் பெயரில் போனது. எலுமிச்சைத் தோப்புகளும் காய்கறிப் பாத்திகளும் அடுக்குமாடிகளாயின. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் இடிந்த கால்சா வீடுகள் பல ஆண்டுகள் இடிபாடாகவே கிடக்க, புதிய கட்டடங்கள் தோட்டங்களின் மேல் எழுந்தன. விளைநிலத்தை இழந்தது ஊருக்கு ஒரு நட்டம். சந்தையிலிருந்து நடை தூரத்தில் இருந்த பாத்தி வண்டி தூரத்துக்குப் போனது காய்கறிக்காரருக்கு இன்னொரு நட்டம். நம் ஊரில் சென்னையையும் கோவையையும் சுற்றியிருந்த கீரைத் தோட்டங்கள் மனைப்பிரிவுகளானபோது நடந்ததும் இதேதான்.

அடுத்தது தண்ணீர். பலெர்மோவுக்கு மேற்கே பார்தினிகோ பகுதியில், சிசிலியின் காந்தி என்று அழைக்கப்பட்ட தனிலோ தோல்ச்சி, யாத்தோ ஆற்றில் அணை கேட்டு 1962-இல் உண்ணாவிரதம் இருந்தார். கிணற்றையும் வாய்க்காலையும் மாஃபியா கையில் வைத்துக்கொண்டு விலைக்கு விற்ற காலம் அது. அணை வந்தது. ஏழை உழவர்களின் நிலம் நனைந்தது. ஆனால் மழை பொய்த்தால் அணையும் கைகொடுப்பதில்லை. 2024 மே மாதம் வறட்சிக்காக சிசிலியில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பலெர்மோவின் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீரே முறை வைத்துத்தான் வந்தது. குடிக்கவே தட்டுப்பாடு என்னும்போது பாசனத்துக்கு எங்கே போவது? ஆலிவ் மரம் ஒரு கோடையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடும். நாற்று ஒரு முறைத் தண்ணீர் தவறினால் செத்துவிடும். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலியின் கிழக்குப் பகுதியில் பதிவான 48.8 டிகிரி செல்சியஸ் ஐரோப்பாவின் உச்சச் சாதனை. 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளியில் பூ உதிரத் தொடங்கிவிடும்.

இத்தாலியில் இயற்கை வேளாண் பரப்பு அதிகமுள்ள மாநிலம் சிசிலிதான், 4 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். அந்த எண்ணைக் கேட்டு மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் பெரும்பகுதி ஆலிவ், கோதுமை, திராட்சை, எலுமிச்சை வகைகள், மேய்ச்சல் நிலம். காய்கறியின் பங்கு சிறியது. ஏன் என்பதற்கு மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கு பாதி விடை.

மீதிப் பாதி வயலில் இருக்கிறது. யூரியா போட்டால் ஒரு வாரத்தில் இலை கரும்பச்சையாகும். தொழு உரமும் பசுந்தாள் உரமும் மண்ணில் மட்கி, பயிருக்கு எட்டுவதற்கு மாதக்கணக்காகும். பசுந்தாளுக்கு விட்ட பாத்தியில் அந்தப் பருவம் வருமானம் இல்லை. தக்காளிக்குப் பின் தக்காளியோ கத்தரியோ வைத்தால் நோய் தங்கிவிடும் என்பதால் பயிரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, ஒரே ஆள் பத்துப் பதினைந்து பயிர் வைக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனி நாற்று, தனிப் பருவம், தனிப் பக்குவம். களையெடுப்பது முழுக்கக் கை வேலை. கடைசியில் ஒவ்வொன்றிலும் ஒரு கூடை மட்டுமே தேறும். மொத்த வியாபாரி ஒரு கூடைக்காக வண்டியை நிறுத்த மாட்டார்.

பூச்சியும் சும்மா இருப்பதில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த தக்காளி ஊசிப்புழு 2008 வாக்கில் இத்தாலிக்கும், 2014-இல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. புழு இலைத்தோலுக்கு உள்ளேயே சுரங்கம் போட்டுத் தின்பதால் மேலே தெளிக்கும் எந்தக் கரைசலும் எளிதில் எட்டாது. இனக்கவர்ச்சிப் பொறி, வலை, உயிரியல் மருந்து, பாதித்த இலையைக் கிள்ளி எரிப்பது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால்தான் கட்டுப்படும்.

பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து காற்றில் வரும். அதைத் தடுக்க ஓரத்தில் வெற்றிடம் விடச் சொல்கிறார்கள். சதுரமான 10 ஏக்கரில் நாலு பக்கமும் 10 அடி விட்டால் சுமார் 60 சென்ட் போகும், அதாவது நூற்றுக்கு ஆறு. ஒரு ஏக்கரில் அதே 10 அடியை விட்டால் 18 சென்ட். நூற்றுக்குப் பதினெட்டு! விதி எல்லோருக்கும் ஒன்றுதான், வலி ஒன்றல்ல.

சான்றிதழிலும் அப்படியே. ஐரோப்பிய விதிப்படி காய்கறி நிலம் இயற்கை முறைக்கு மாற இரண்டு ஆண்டுகள் வேண்டும். அந்த இரண்டு ஆண்டும் எல்லா விதியையும் கடைப்பிடிக்க வேண்டும், விளைச்சல் குறையும், ஆனால் இயற்கை விளைபொருள் என்று சொல்லி விற்கக் கூடாது. ஆண்டுதோறும் ஆய்வுக் கட்டணம் வேறு. நேர்மையானவருக்கு இந்தச் சுமை ஏறுவதற்கு நேர்மையற்றவர்களும் ஒரு காரணம். 2011-இல் இத்தாலியக் காவல்துறை பிடித்த ஒரே மோசடியில் சாதாரண விளைபொருள் 7 லட்சம் டன், இயற்கை முத்திரையோடு சந்தைக்குப் போயிருந்தது. அதற்குப் பின் கிடுக்கிப்பிடி இறுகுவது நியாயம்தான், ஆனால் கிடுக்கியில் சிக்கித் திணறுவது சிறியவர்கள்.

2022 முதல் நடப்பில் இருக்கும் புதிய ஐரோப்பிய விதி கொஞ்சம் மூச்சு விட வைக்கிறது. 5 ஹெக்டேருக்கு மிகாத நிலம் உடையவர்கள் ஒரே வட்டாரத்தில் குழுவாகச் சேர்ந்து ஒரே சான்றிதழ் பெறலாம். இந்தியாவில் விவசாயிகள் ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சரி சொல்லும் பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது. நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு 2017-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதி விலக்கும் தந்தது. இவை தெரியாமலேயே பலர் தனியாக அல்லாடுகிறார்கள்.

கூட்டாகப் பயிரிடுவோர் பலெர்மோ பக்கத்திலேயே இருக்கிறார்கள், அவர்கள் கதை கால்சாவில் தொடங்குகிறது. கால்சாவின் தெருக்களில் விளையாடி வளர்ந்த இருவர் ஜொவான்னி ஃபல்கோனேவும் பாவ்லோ போர்செல்லினோவும். மாஃபியாவை எதிர்த்த அந்த இரு நீதிபதிகளும் 1992-இல் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் பிறந்த லீபெரா அமைப்பு பத்து லட்சம் கையெழுத்துத் திரட்டியது. மாஃபியாவிடம் பறிமுதல் செய்த நிலத்தைச் சமூகப் பயன்பாட்டுக்குத் தரும் சட்டம் 1996-இல் வந்தது. பலெர்மோவுக்குத் தெற்கே கொர்லியோனே பக்கத்தில் கூட்டுறவு அமைப்புகள் அந்த நிலங்களில் இயற்கை முறையில் பயிரிடுகின்றன. விளைந்த வயலுக்குத் தீ வைத்தபோதும் அவர்கள் விட்டுப் போகவில்லை. அவர்களுடைய பெயர்பெற்ற சரக்குகளைப் பாருங்கள்: பாஸ்தா, பருப்பு வகை, ஒயின். எல்லாம் மாதக்கணக்கில் தாங்குபவை. பச்சைக் காய்கறிக்கு அந்த வசதி இல்லை.

இயற்கை முறைக்கு மாறுவதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அரசாணையில் தடை செய்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் எடுக்க வேண்டிய மாற்றத்தை ஒரு போகத்தில் கேட்டார்கள். விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடை விலகியது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புப் பாறை வழியே கிணறுகளில் நைட்ரேட் இறங்குவது உண்மையான பிரச்சினை, அதற்கு இயற்கை வேளாண்மை உண்மையான பதில். ஆயினும் அந்த மாற்றத்தின் செலவை உழவர் தலையில் மட்டும் கட்டியதால் நல்ல யோசனைக்கே கெட்ட பெயர் வந்தது.

விற்பனைக்கு வழி இல்லாமல் இல்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, தரகுக்காரரைத் தாண்டி விவசாயியை நேரே வாங்குபவர் முன் நிறுத்தியது. இத்தாலியில் 1994-இல் ஃபிதென்சா என்ற சிறு நகரில் சில குடும்பங்கள் சேர்ந்து, தெரிந்த விவசாயிகளிடமிருந்து மொத்தமாக வாங்கத் தொடங்கின. அந்தக் கூட்டுக் கொள்முதல் குழுக்கள் நாடெங்கும் பரவி, 2007-இல் சட்டத்திலும் இடம் பெற்றன. எவ்வளவு போகும் என்பது முன்கூட்டியே தெரிவதால் அவ்வளவே பறிக்கிறார்கள். மிஞ்சி அழுகுவது குறைகிறது. மானியத்தை விட, தள்ளுபடியை விட, இந்த முன்கூட்டித் தெரிதல்தான் சிறு காய்கறி விவசாயிக்குப் பெரிய உதவி.

உங்கள் பகுதிக்கு இயற்கைக் காய்கறி கொண்டுவரும் விவசாயி ஒருவர் இருந்தால், பக்கத்து வீடுகளில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு அவரிடம் பேசுங்கள். வாரத்துக்கு இத்தனை கிலோ, இந்தக் கிழமை என்று உறுதி சொல்லுங்கள். மாத முன்பணம் கொடுத்துவிட்டு, அந்த வாரம் தோட்டத்தில் என்ன விளைந்ததோ அதை வாங்கிக்கொள்ளுங்கள்.