கல்தடுப்பு (இழுவை வீட்டுவண்டி)

கல்தடுப்பு என்பது வட அமெரிக்காவில் மகிழுந்துகளின் பின்னால் பூட்டி இழுக்கப்படும் வீட்டுவண்டிகளின் முன்சாளரத்தைச் சாலையில் தெறிக்கும் கற்களிலிருந்து காக்கும் மூடி ஆகும். பெரும்பாலும் இழுக்கும் மகிழுந்தின் சக்கரங்களே இக்கற்களை எறிகின்றன. மேல்விளிம்பில் கீல் இருப்பதால், வண்டி நிற்கும்போது இதனை உயர்த்தி நிழற்கூரையாகவும் பயன்படுத்தலாம்.

கண்ணாடியிழை மூடிகள் வெயிலில் வெளிறும். மெருகேற்றி மெழுகு பூசினால் பளபளப்பு ஓரளவு மீளும். விரிசலின் உட்புறத்தில் கண்ணாடியிழைப் பாய் வைத்துப் பாலியெசுத்தர் பிசின் பூசுவர். பாலிகார்பனேட்டு மூடியை அசிட்டோனால் துடைத்தல் ஆகாது, நுண்வெடிப்புகள் தோன்றும். கீலின் திருகுத் துளைகளை பியூட்டைல் நாடாவால் அடைக்காவிடில் மழைநீர் கசிந்து சுவரின் மரச்சட்டம் மக்கிவிடும்.

மிகுந்த கவனம் வேண்டுவது தாழ்ப்பாளே. அது தளர்ந்தால் நெடுஞ்சாலைக் காற்று மூடியைத் தூக்கிப் பிய்த்துப் பின்னால் வரும் வண்டிகள்மேல் எறியக்கூடும். ஆதலால் தேய்ந்த தாழ்ப்பாளையும் தளர்ந்த தறையாணிகளையும் பயணத்திற்கு முன்பே மாற்றுவது வழக்கம்.