அணிநடை முறிவு

அணிநடை முறிவு என்பது விழுந்தோ அடிபட்டோ ஏற்படாமல், ஒரே சுமை திரும்பத் திரும்பத் தாக்குவதால் பாத எலும்பில் உண்டாகும் மெல்லிய விரிசல் ஆகும். 1855 இல் பிரசியப் படை மருத்துவர் பிரைட்டாவுப்ட், நெடுந்தூரம் நடந்த வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அது எலும்பு முறிவுதான் என்பது எக்சு-கதிர் வந்த பிறகு, 1897 இல் தெரியவந்தது.

உடற்பயிற்சி எலும்பை வலுவாக்கும் என்பது உண்மையே. ஆனால் அது உடனே நடப்பதில்லை. சுமை கூடியதும், எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் பழுதான பகுதியை முதலில் அகற்றுகின்றன. இதற்குச் சில வாரங்கள் போதும். அந்தக் குழியைப் புதிய எலும்பு நிரப்ப ஏறக்குறைய 3 மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிட வலுக்குறைந்தே இருக்கும். புதிதாகப் படையில் சேர்ந்தவர்களும், ஓடும் தூரத்தைத் திடீரெனக் கூட்டுபவர்களும் பாதிக்கப்படுவது இக்காலத்தில்தான். போதிய உணவின்றிப் பயிற்சி செய்து மாதவிடாய் நின்றுபோன வீராங்கனைகளுக்கும் இந்த இடர் அதிகம்.

முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எக்சு-கதிர்ப் படத்தில் விரிசல் தெரியாமல் போகலாம். படத்தில் ஒன்றுமில்லை என்று ஓட்டத்தைத் தொடர்வதுதான் ஆபத்து. வலி தரும் பயிற்சியை 6 முதல் 8 வாரங்கள் நிறுத்தினால் பெரும்பாலும் எலும்பு தானே கூடிவிடும். இதே வகை விரிசல் தொடை எலும்பின் கழுத்தில் வந்தால் நிலைமை வேறு: அது முழுதும் முறிந்து விலகினால், தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு இடுப்பு மூட்டே கெடக்கூடும்.