வைக்கோல் சுமக்கும் விமானம்

சில மாதங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் நாம் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த சமயம், பள்ளிக்கூடத்துக்கு மேலாக ஒரு சிறிய ஆகாய விமானம் தாழப் பறந்து சென்றது. பிள்ளைகள் அனைவருடைய கண்களும் கரும்பலகையை விட்டு ஜன்னலுக்குப் போய்விட்டன. இனிக் கணக்கைத் தொடர்வதில் பயனில்லை என்று கண்டு நாமும் ஜன்னலண்டை போய் நின்றோம். விமானம் மறைந்ததும் கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஸார், அது நில்லாமல் காசி வரைக்கும் போகுமா?" என்று கேட்டான்.

"போகாது. வழியில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்ள வேண்டும்" என்றோம்.

"பெட்ரோல் தொட்டியைப் பெரிதாகச் செய்துவிட்டால்?" என்றான் அவன்.

கேள்வி சிறியதுதான். ஆயினும் இதற்குச் சரியான கணக்குப் போடாமல் புறப்பட்டு உயிரை இழந்த விமானிகள் உண்டு. ஆகவே அன்றிரவு பழைய புஸ்தகங்களைப் புரட்டிப் பார்த்து, மறுநாள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்ன விஷயத்தை நம் நேயர்களுக்கும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

வண்டியும் வைக்கோலும்

நம் முன்னோர்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு தூர யாத்திரை போன காலத்தில், மாடுகளுக்கு வேண்டிய வைக்கோலையும் அந்த வண்டியிலேயே ஏற்றிக்கொள்வார்கள். ஒரு நாளுக்கு வேண்டியதை ஏற்றினால் மாடு சிரமமின்றி இழுக்கும். பத்து நாளுக்கு வேண்டியதை ஏற்றினாலோ, அந்த வைக்கோலை இழுப்பதற்கென்றே மாடு இன்னும் அதிக வைக்கோல் தின்ன வேண்டும். வீட்டு மனிதர்கள் உட்கார இடமும் இராது. விமானத்தின் சங்கடமும் இதுவே. பாரம் மிகுந்துபோனால் மாடாவது வழியில் நின்று இளைப்பாறலாம். ஆகாயத்தில் அதற்கும் வழியில்லை.

1928-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனியார் வெளியிட்ட 'ஜிப்ஸி மாத்' என்னும் இரட்டை இறக்கை விமானத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மரத்தினாலும் துணியினாலும் ஆனது. முன்னும் பின்னுமாக இருவர் உட்காரலாம். யந்திரம் 100 குதிரைச் சக்தி உள்ளது. மணிக்குச் சுமார் 85 மைல் செல்லும். வழக்கமான தொட்டி 19 காலன் கொள்ளும். மணிக்குச் சுமார் 5 காலன் செலவாகும். ஆகவே மூன்றே முக்கால் மணி நேரம், ஏறக்குறைய 320 மைல். அதற்கு மேல் ஒன்றும் நடவாது.

இன்னும் நான்கு மணி நேரம் பறக்க வேண்டுமானால் 20 காலன் வேண்டும். ஒரு காலன் பெட்ரோல் 7 ராத்தலுக்குச் சற்று அதிகமாகவே நிற்கும். எனவே 144 ராத்தல். புதிய தொட்டியின் எடை வேறு. இது ஒரு மனிதனுடைய எடை. கூட வருகிறவரை இறக்கிவிட்டு, அவருடைய ஆசனத்தில் தொட்டியை உட்கார வைக்க வேண்டியதுதான். அதோடு தீர்ந்ததா? பாரம் மிகுந்த விமானம் எழும்புமுன் தரையில் அதிக தூரம் ஓட வேண்டும். எழும்பிய பிறகும் மெள்ளவே உயரும். கோடை வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் இறக்கையின் தாங்குசக்தியும் யந்திரத்தின் பலமும் ஒருங்கே குறைகின்றன. அத்தகைய நாளில் சிறிய மைதானத்தின் கோடியில் நிற்கும் மாமரம் யமனுடைய தூதனாகிவிடும்.

ஜான்ஸியில் இறங்கிய பெண்மணி

1930-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதி ஆமி ஜான்ஸன் என்ற 26 வயது ஆங்கில மங்கை, 'ஜேஸன்' என்று பெயரிட்ட ஒரு ஜிப்ஸி மாத் விமானத்தில் லண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியே புறப்பட்டார். முன் ஆசனத்தில் மனிதருக்குப் பதிலாகப் பெட்ரோல் தொட்டிதான் வீற்றிருந்தது. விமானத்தின் உடலோடு சேர்த்து ஓர் உபரி விசிறியையும் கயிற்றால் கட்டியிருந்தார். அது பாரந்தான், காற்றையும் தடுக்கும். அந்த எடைக்குப் பெட்ரோல் ஏற்றியிருந்தால் இன்னும் சில மைல் போயிருக்கலாம் என்று யாரும் வாதிக்கலாம்.

கராச்சி வந்து சேர்ந்தவர், மறுநாள் அலகாபாத்தை நோக்கிப் புறப்பட்டார். நேர்கோட்டில் பார்த்தாலே 900 மைலுக்கு மேற்பட்ட தூரம். பெரிய தொட்டி இருந்தும் பெட்ரோல் போதவில்லை. அலகாபாத்துக்கு இன்னும் 200 மைல் இருக்கையிலேயே ஜான்ஸியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்க நேர்ந்தது. இறங்கியதில் இறக்கைக்குச் சேதம். பின்னர் ரங்கூனில் இறங்கியபோது விமானம் பள்ளத்தில் விழுந்து விசிறி முறிந்தது. அப்போது காப்பாற்றியது, வழியெல்லாம் வீண் பாரமாகச் சுமந்து வந்த அந்த உபரி விசிறியே! மே மாதம் 24-ஆம் தேதி அவர் டார்வின் நகரை அடைந்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண்மணி அவரே.

அதே மாதத்தில் நம் தேசத்து வாலிபர்களும் அதே மாதிரி விமானங்களில் ஆகாயத்தில் இருந்தார்கள். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் அளிப்பதாக ஆகா கான் அறிவித்திருந்தார். 17 வயது ஆஸ்பி எஞ்ஜினீயர் இங்கிலாந்திலிருந்து இந்தியாவை நோக்கி வந்தார், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து இங்கிலாந்தை நோக்கிச் சென்றார். இருவரும் எகிப்தில் அபூகீர் என்னுமிடத்தில் சந்தித்தார்கள். ஆஸ்பியின் யந்திரத்துக்கு ஸ்பார்க் பிளக் வேண்டியிருந்தது. அவரிடம் உபரி இல்லை. போட்டியாளராயிற்றே என்று பாராமல் டாட்டா தம்மிடமிருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி பரிசை வென்றார். பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைவராகவும் ஆனார். சில அவுன்ஸ் எடையுள்ள பிளக்கைச் சுமந்து வந்தவர் பரிசை இழந்தார். ஆனால் அதனால் அவர் பெயர் குறைந்துவிடவில்லை.

வேகத்தின் விலை

"சீக்கிரம் போனால் பெட்ரோல் தீருமுன் ஊர் போய்ச் சேரலாமே?" என்று வகுப்பில் இன்னொருவன் கேட்டான். இது இயற்கையாக எழும் எண்ணந்தான்; ஆனால் தவறு. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்ல வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். அப்படியானால் ஆமை வேகத்தில் போகலாமா? அதுவும் ஆகாது. மிக மெதுவாகச் சென்றால், விமானம் விழாமலிருக்க மூக்கை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அப்போது வேறொரு வகைத் தடை வளர்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் உண்டு. அதிலேதான் ஒரு காலனுக்கு அதிக மைல் கிடைக்கும்.

காற்று எதிர்த்து அடித்தால் இந்தக் கணக்கும் மாறும். மாத் விமானத்தின் 85 மைல் வேகத்தில் 25 மைல் எதிர்க்காற்று குறுக்கிட்டால் தரைமேல் 60 மைல்தான் மிஞ்சும். 320 மைல் போக வேண்டியது சுமார் 225 மைலிலேயே முடிந்துவிடும். "திரும்பி வரும்போது அதே காற்று தள்ளுமே, சரியாய்ப் போகாதா?" என்றால், போகாது. 120 மைல் தூரத்திலுள்ள ஊருக்குப் போய்வரக் காற்றில்லாத நாளில் 2 மணி 49 நிமிஷம் ஆகும். அந்தக் காற்றில் போக 2 மணி, வர 1 மணி 5 நிமிஷம். ஆக 3 மணி 5 நிமிஷம். நஷ்டத்தில் அதிக நேரமும் லாபத்தில் குறைந்த நேரமும் கழிவதே காரணம். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்றைய விமானம்

இது பழைய காலத்துச் சங்கடம் என்று நேயர்கள் எண்ணலாகாது. நம் நாட்டு விமானப் பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் காணப்படும் செஸ்னா 172 விமானத்துக்கு நான்கு ஆசனங்கள். அதன் 'எஸ்' ரகம் ஆட்களும் மூட்டையும் பெட்ரோலுமாகச் சுமார் 400 கிலோ சுமக்கும். தொட்டி நிறைய ஊற்றினால் ஏறக்குறைய 200 லிட்டர், 144 கிலோ. மீதி 255 கிலோ. ஆளுக்கு 80 கிலோ என்று வைத்தால் மூன்று பேரும் ஒரு சிறு பெட்டியுந்தான். நான்காவது ஆசனம் இருக்கிறது. அதில் உட்கார உரிமை இல்லை! நால்வரும் போகவேண்டுமானால் பெட்ரோலைக் குறைத்து, வழியில் இறங்க வேண்டும்.

அதே விமானம் முக்கால் சக்தியில் நாலே கால் மணி நேரத்தில் சுமார் 960 கிலோமீட்டர் செல்லும். சக்தியை 45 சதவிகிதமாகத் தணித்துச் சற்று உயரத்தில் பறந்தால் 1,180 கிலோமீட்டர் செல்லும். ஆனால் ஆறே முக்கால் மணி ஆகும். 220 கிலோமீட்டர் அதிகம் பெற இரண்டரை மணி நேரம் கொடுக்கிறோம். இரண்டு கணக்கிலும் 45 நிமிஷத்துக்கு வேண்டிய பெட்ரோல் தொடாமல் வைக்கப்பட்டிருக்கிறது. எதிர்க்காற்றுக்கும், மூடுபனிக்கும், வழி தவறுதலுக்கும் உரியது அது. 'ஊர் கண்ணுக்குத் தெரிகிறதே' என்று அந்த மிச்சத்தில் கை வைத்தவர்களே பெரும்பாலும் ஊருக்கு வெளியே வயலில் இறங்குகிறார்கள். எல்லோரும் உயிரோடு இறங்குவதில்லை.

மாட்டு வண்டி வந்தது

இவ்வளவும் சொல்லி முடித்துக் கடைசிப் பெஞ்சிப் பையனை எழுப்பி, "இப்போது சொல், தொட்டியைப் பெரிதாக்கலாமா?" என்றோம். அவன் சற்று யோசித்து, "வேண்டாம் ஸார். பாதி வழியில் யாரையாவது பெட்ரோலோடு நிற்கச் சொல்லலாம்" என்றான்.

நமக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. ஏனெனில் 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி டாட்டா செய்தது அதுவே. அன்று அவர் 'பஸ் மாத்' என்னும் சிறு விமானத்தில் 55 ராத்தல் தபாலுடன் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு வந்தார். கடல்மேல் நேரே வந்தால் 550 மைல். அவரோ சுமார் 100 மைல் சுற்றிக்கொண்டு அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே அவருக்காக நாலு காலன் டின்களில் பெட்ரோல் காத்திருந்தது. அதைக் கொண்டு வந்தது ஒரு மாட்டு வண்டி! பம்பாயிலிருந்து அந்தத் தபாலை நெவில் வின்ஸெண்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். டாட்டாவின் விமானத் தபால் சேவை இவ்வாறு பிறந்தது.

ஐம்பது வருஷங்களுக்குப் பின், 1982-இல், 78 வயதில், டாட்டா 'லெப்பர்ட் மாத்' என்னும் சிறு விமானத்தில் மீண்டும் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். இதைக் கேட்ட பையன், "அப்போதும் மாட்டு வண்டி வந்ததா ஸார்?" என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது.