ஃபேஸ் ஷீல்டு எதைத் தடுக்கும்?

2020 மே மாதம். சென்னையில் கொரோனா தொற்று உறுதியானவர்களின் வீடுகளுக்குப் போய், குடும்பத்தாருக்கு ஆலோசனை சொல்லிவந்த களப்பணியாளர்கள் 62 பேர். மூன்றடுக்கு முகக்கவசம், கையுறை, சானிடைசர் எல்லாம் இருந்தன. தங்குவதற்குத் தனித்தனி அறைகள். அப்படியும் இரண்டு வாரத்துக்குள் 12 பேருக்குத் தொற்றிவிட்டது.

பணியைச் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியபோது, முகத்துக்கு முன் தொங்கும் பிளாஸ்டிக் தடுப்பான ஃபேஸ் ஷீல்டும் சேர்ந்துகொண்டது. மிச்சமிருந்த 50 பேர் ஜூன் இறுதிவரை 18,228 வீடுகள் ஏறி இறங்கினார்கள். அவர்கள் பார்த்த குடும்பங்களில் 2,682 பேருக்குத் தொற்று இருந்தது. முதல் கட்டத்தில் அது வெறும் 222. ஆனாலும் பணியாளர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அந்த ஆகஸ்டில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் இது வெளியானதும், மாஸ்க்கே வேண்டாம், ஷீல்டு போதும் என்று சிலர் கிளம்பிவிட்டார்கள்.

ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டையும் சேர்த்து அணிந்தவர்களின் கணக்கு அது. ஷீல்டு இல்லாத இன்னொரு குழுவை அதே நாட்களில் வைத்து ஒப்பிடவும் இல்லை. சக பணியாளர்கள் 12 பேர் படுத்ததைப் பார்த்தவர்கள், அடுத்த வீட்டு வாசலில் இரண்டடி தள்ளி நின்றிருக்க மாட்டார்களா? அது எந்தக் கணக்கில் சேரும்?

சங்கதி காற்றில் இருக்கிறது. எதிரே நிற்பவர் இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் நேராக வந்து பிளாஸ்டிக்கில் மோதி நின்றுவிடும். கண்ணும் மாஸ்க்கின் மேற்பரப்பும் தப்பிக்கும். நுண்துளிகள் அப்படியல்ல. மிதந்து, வளைந்து, தாடைக்குக் கீழேயும் பக்கவாட்டிலும் நுழைந்துவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கதவைத் திறந்துவைத்த வீட்டில் கொசு வராதா என்ன? ஷீல்டு எதையும் வடிகட்டுவதில்லை. அமெரிக்காவில் இருமும் பொம்மைக்கு மாஸ்க்கையும் ஷீல்டையும் மாட்டிச் சோதித்தார்கள். வெளிவரும் நுண்துளிகளில் என்95 மாஸ்க் 99 சதவீதத்தையும், துணி மாஸ்க் ஏறக்குறைய பாதியையும் தடுத்தன. ஷீல்டு தடுத்தது 2 சதவீதம்.

ஆகவே, தொற்று பரவும் காலத்தில் யாருக்கு ஷீல்டு தேவை என்று கேட்பதே சரி. ஆவடி மருத்துவமனையில் தொண்டைச் சளி எடுப்பவருக்கு, பல் மருத்துவருக்கு, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளருக்கு, மாஸ்க்கின் மேல் ஷீல்டும் அவசியம். அடுத்தவர் மூச்சு முகத்திலேயே நேராகப் படும் வேலை அவர்களுடையது. அம்பத்தூர் எஸ்டேட் பேருந்தில் நெரிசலில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு, நன்றாகப் பொருந்தும் மாஸ்க்கும் திறந்த ஜன்னலும்தான் முதலில். ஷீல்டு போட்டால் தப்பில்லை.

வாங்குவதென்றால், தாடைக்குக் கீழே இறங்கி, காதுவரை சுற்றிவருவதாகப் பார்த்து வாங்கலாம். சோப்புத் தண்ணீரில் கழுவி மறுபடி போட்டுக்கொள்ளலாம். வியர்க்கிறது என்று உச்சந்தலைக்கு ஏற்றிவிட்டுப் பேசினால், அது வெயிலுக்குக்கூட உதவாது.