78 நாள் கணக்கு

கெலவரப்பள்ளி அணையை ஒட்டிய ஓசூர் வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பேட்டைகளும், கர்நாடக எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா தொழிற்பகுதிகளும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், ஒரே தொழிலாளி சில ஆண்டுகளுக்குள் இரு மாநிலங்களிலும் மாறி மாறி வேலை பார்ப்பது இங்கு வழக்கம். அவர் நோயுற்றாலோ வேலையிழந்தாலோ கைகொடுக்க வேண்டியது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கான இதற்குத் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, நிர்வாகத்தின் பங்கு 3.25 விழுக்காடு.

நோய்க்காலப் பயன் என்பது மருத்துவர் ஓய்வுச் சான்று தரும் நாட்களுக்கு, சராசரி நாளூதியத்தில் 70 விழுக்காடாக, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை வழங்கப்படும் தொகையாகும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாட்கள் காத்திருப்புக் காலமாகக் கழிக்கப்படுவதால், நாளொன்றுக்கு 600 ரூபாய் பெறுபவர் காய்ச்சலில் மூன்று நாள் படுத்தால், இழந்த 1,800 ரூபாய்க்கு ஈடாக 420 ரூபாயே வந்து சேரும். அதற்காக வரிசையில் நிற்பதைவிட மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விடலாம் என்று அவர் நினைத்தால் குறை சொல்வதற்கில்லை.

இதைவிடப் பெரிய தடை 78 நாள் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை இப்பயன் கிட்டும். ஒப்பந்தம் முடிந்து மறு ஒப்பந்தம் கிடைக்கும்வரை சும்மா இருக்க நேர்ந்து 70 நாட்களோடு நின்றவருக்கு, பின்னர் சந்தா ஒழுங்காகப் பிடிக்கப்பட்டாலும் அந்த ஆறு மாதத்தில் நோய்க்காலப் பணம் இல்லை. காப்பீட்டு எண் நாடு முழுவதற்கும் ஒன்றே என்றாலும், புதிய காண்ட்ராக்டர் பழைய எண்ணைக் கேட்காமல் வேறொன்றைப் பதிந்துவிட்டால் முந்தைய கணக்கு துண்டாகிவிடும்.

வேலையிழந்தோருக்கான அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, 2018 ஜூலையில் சராசரி ஊதியத்தில் 25 விழுக்காடு உதவியுடன் தொடங்கி, பெருந்தொற்றின்போது 2020இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. எனினும் வாழ்நாளில் ஒருமுறை, 90 நாட்களுக்கு மட்டும் என்ற வரம்பு, ஆண்டுதோறும் வேலை அறுபடும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பொருந்தாத அளவுகோல். ராஜீவ் காந்தி பெயரிலான மற்றொரு திட்டம் இரண்டு ஆண்டுகள் வரை உதவினாலும், ஆலை மூடலோ முறையான ஆட்குறைப்போ நிரந்தர உடற்குறையோ அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். “நாளை முதல் வர வேண்டாம்” என்ற வாய்ச்சொல் இவற்றில் எதிலும் அடங்காது. நோய்க்காலப் பயனில் காத்திருப்பு நாட்களை நீக்குவதும், தகுதியை ஓராண்டு முழுவதற்குமாகக் கணக்கிடுவதும் புதுத் திட்டம் அறிவிப்பதைவிடப் பயன் தரும்.

2017 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்ட 21,000 ரூபாய் ஊதிய உச்சவரம்போ, சிறிய சம்பள உயர்வு பெற்றவரையும் சந்தாக் காலம் முடிந்ததும் வெளியேற்றிவிடுகிறது. விடுப்பிலும் ஆலைத் தொழிலாளிக்குக் குறையே: 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஓசூர்க் கடைவீதி ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் வரை நோய்விடுப்பு அளிக்க, ஆலைத் தொழிலாளிக்கு அத்தகைய தனி விடுப்பைத் தொழிற்சாலைகளுக்கான சட்டம் வகுக்காததால், நிறுவன ஒப்பந்தம் தராத இடங்களில் அவர் 20 நாள் உழைப்புக்கு ஒன்றாகச் சேரும் ஈட்டிய விடுப்பைத்தான் காய்ச்சலுக்கும் செலவிட வேண்டியிருக்கிறது.